531 ஸ்டிக்கரை நம்பி 1,850 வெள்ளியை விட்டேன்

செயலியில் பார்த்து வாங்கிய பழைய சைக்கிள் பிரேம் பெட்டியில் வந்து இன்றோடு ஒன்பது நாள். இன்று காலை ஆறரைக்கு அதை விற்றவன் என்னை பிளாக் பண்ணிவிட்டான். வேலைக்குப் போகாமல் எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்துக்கொண்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் மன்னியுங்கள், கை இன்னும் நடுங்குகிறது.

1,850 வெள்ளி (ரிங்கிட்). செம்பனை ஆலையில் ஃபிட்டர் வேலை பார்க்கிறவனுக்கு அது எத்தனை ராத்திரி ஓவர்டைம் என்று நம் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

செயலியின் பெயரைப் போடவில்லை. போட்டால் நமக்கே கேஸ் வரும் என்கிறாள் மகள். கைப்பேசியில் பழைய சாமான் வாங்கி விற்கும் செயலி, அவ்வளவுதான். பழைய ஸ்டீல் பிரேம் வாங்கும்போது பார்க்க வேண்டிய பத்து விஷயங்களைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். சைக்கிள் பைத்தியம் பிடித்தது அப்பாவால். ரப்பர் பால்வெட்டுக்குப் போக அவர் தோட்டத்துக் கிராணி (கணக்கர்) ஒருவரிடம் பழையதாக வாங்கிய ராலே சைக்கிள், லயத்து வீட்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தது. பின்சக்கர ஹப் ஸ்டர்மி-ஆர்ச்சர், மூன்று கியர். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் ஹப்பின் மேலேயே 58 என்று ஆண்டு அடித்திருந்தது. அதை எழுப்பி நிறுத்த எனக்கு இரண்டு வருஷம் ஆனது. ராலேயின் பெடல் அச்சுக் கிண்ணத்தில் அங்குலத்துக்கு 26 புரி, ஊரில் கிடைக்கிற மற்ற கிண்ணமெல்லாம் 24. மூன்று கிண்ணம் வாங்கி வீணாக்கிய பிறகுதான் எனக்கே அது தெரிந்தது. இன்றைக்கு அந்தச் சைக்கிள் வீட்டு ஹாலில் நிற்கிறது. மனைவி அதன் மேல் துணி காயப்போடுவதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

அதற்குப் பிறகு ஆசை பெரிதானது. லேசான ஒரு பிரேம் வாங்கி, என் உயரத்துக்கும் நம் தோட்டத்துச் செம்மண் ரோட்டுக்கும் ஏற்றபடி நானே மாற்றிக் கட்ட வேண்டும். ரேஸ் சைக்கிளின் 700சி சக்கரத்தைக் கழற்றிவிட்டு 650பி போட்டால், ரிம் விட்டம் 622 மில்லிமீட்டரிலிருந்து 584க்கு இறங்கும். சுற்றிலும் 19 மில்லிமீட்டர் இடம் கிடைக்கும், தடித்த டயர் உள்ளே போகும். மலை சைக்கிளுக்கு 27.5 என்று விற்கிற டயர் அதே அளவுதான், ஈப்போவிலேயே கிடைக்கிறது. பழைய பிரேக் எட்டாது. அதற்குப் பிடிப்பு வைத்துப் பித்தளை வெல்டிங் ஓட்ட வேண்டும், அது என் கைத்தொழில்.

எனக்கு வேண்டியது 531. தெரியாதவர்களுக்கு: இங்கிலாந்தில் பர்மிங்ஹாமின் ரெனால்ட்ஸ் கம்பெனி 1935ல் கொண்டுவந்த குழாய் அது. மாங்கனீஸும் மாலிப்டினமும் சேர்ந்த இரும்பு. பட் செய்த வகையில் மூட்டு வருகிற முனை தடிப்பாகவும் நடு மெல்லிசாகவும் இருக்கும். தகட்டை மடக்கிப் பற்றவைக்காமல் இழுத்தே செய்த குழாய், உள்ளே மூட்டுக் கோடு இருக்காது. ஒரு தடவை ஓட்டிப் பார்த்தவன் பிறகு மற்ற இரும்பைத் தொட மாட்டான்.

மூன்று வாரத்துக்கு முன் அந்தச் செயலியில் ஒரு பிரேம் கண்ணில் பட்டது. பச்சை நிறம், சீட் குழாயில் 531 ஸ்டிக்கர், முன்சக்கரம் மாட்டுகிற ஃபோர்க்கோடு 1,950 வெள்ளி. மலாயில் கேட்டேன். அவன் தமிழில் பதில் போட்டான். நான் விழுந்த இடம் அதுதான்.

அப்புறம் குரல் பதிவு அனுப்பினான். அந்தக் குரல் இன்னும் என் போனில் இருக்கிறது, நேற்றுகூட போட்டுக் கேட்டேன். “அண்ணே, நானும் தோட்டத்துப் பிள்ளைதாண்ணே. எங்கப்பா விடிகாலையில ரெண்டு பால் வாளிய மாட்டிக்கிட்டு சைக்கிள்லதான் நிறைக்குப் போவாரு. சைக்கிளோட அருமை தெரிஞ்ச ஆளுக்குத்தான் இதக் கொடுக்கணும்னு வச்சிருக்கேன்.” என் அப்பா கதையை நான் அவனிடம் அதற்கு முந்தின நாள்தான் சொல்லியிருந்தேன். அதையே திருப்பி எனக்கு விற்றிருக்கிறான். அப்போது அது உறைக்கவில்லை, கண் கலங்கியதுதான் மிச்சம்.

சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கி, சீட் குழாய்க்குள் இறங்குகிற கம்பி) என்ன அளவு என்று கேட்டேன், அதையாவது கேட்டேனே! 27.2 மில்லிமீட்டர் என்றான். போஸ்டில் 27.2 என்று பொறித்திருப்பதைப் படம் எடுத்தும் அனுப்பினான். போஸ்ட் பிரேமுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது. பிரேமுக்குள் போட்டு எடுத்த படம் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பிறகு, “செயலி வழியா போட்டா கமிஷன் பிடிச்சிருவான், பணம் கைக்கு வர ஒரு வாரம் ஆகும். நேரா போடுங்கண்ணே, உங்களுக்காக 100 வெள்ளி குறைச்சுக்கிறேன்” என்றான். 1,850. கணக்கு வேறு ஒருவர் பெயரில் இருந்தது. மச்சான் கணக்கு என்றான். பக்கத்தில் இருந்த என் மனைவி, “ஏங்க, பேரு வேறயால்ல இருக்கு?” என்று கேட்டாள். “நம்ம ஆளுதான், சும்மா இரு” என்று சொல்லிவிட்டுப் பணத்தைத் தட்டிவிட்டேன். அவள் இந்த ஒன்பது நாளில் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஆறு நாளில் பெட்டி வந்தது. தூக்கும்போதே மனசு திக்கென்றது. அந்த அளவு 531 பிரேம் ஃபோர்க் இல்லாமல் 2 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். வீட்டுத் தராசில் இது 3 கிலோவைத் தாண்டியது. என்னிடம் இருந்த 27.2 போஸ்டை விட்டுப் பார்த்தேன், வாயிலேயே நின்றது. 25.4 போஸ்ட் பொருத்தமாக உட்கார்ந்தது. சீட் குழாயின் வெளிவிட்டம் 28.6. அப்படியானால் சுவரின் தடிப்பு 1.6 மில்லிமீட்டர். 27.2 போஸ்ட் இறங்குகிற 531ல் இதில் பாதிகூட இருக்காது. பெடல் அச்சுக் கிண்ணத்தைக் கழற்றி (வலது பக்கம் எதிர்ப்புரி, மறந்து திருகினால் இன்னும் இறுகும்) டார்ச் அடித்துக் குழாய்க்குள் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு ஓடியது. தகட்டை மடக்கிப் பற்றவைத்த குழாய். அந்தக் கோட்டைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதோடு முடியவில்லை. முன்பக்கம் கீழ்க்குழாய், லக்குக்குள் (குழாய்களை இணைக்கிற மூட்டு) நுழைகிற இடத்துக்குச் சற்றுப் பின்னால் பெயின்ட் லேசாக அலையடித்தது. ஐஸ்பெட்டியில் ஒட்டுகிற காந்தத்தை எடுத்து வைத்தேன், வழுக்கி விழுந்தது. சுரண்டினேன். காருக்குப் பூசுகிற புட்டி! அதற்கு அடியில் மோதலில் சுருங்கிய குழாய், சுருக்கத்தில் நகம் இறங்குகிற அளவு விரிசல். பின்சக்கரம் மாட்டுகிற கவ்வையிலிருந்து பிரேமின் முன்னால் உள்ள தலைக்குழாயைச் சுற்றி மறுபக்கக் கவ்வைவரை நூல் பிடித்தேன். சீட் குழாய்க்கும் நூலுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் 9 மில்லிமீட்டர் வித்தியாசம். இதில் ஏறித் தோட்டத்து இறக்கத்தில் இறங்கியிருந்தால் பல் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

மனசு கேட்காமல் பசார் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கும் சீனப் பெரியவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு கையால் தூக்கிப் பார்த்தார், விரலால் சுண்டினார். “இனி பெசி பைப் லா, தம்பி” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தண்ணிக் குழாய் இரும்பு. அதற்கு 1,850 வெள்ளி.

அவனுக்குப் படங்களை அனுப்பினேன். முதல் நாள், “லோரியில அடிபட்டிருக்கும்ணே.” லோரியில் அடிபட்டது சரி, புட்டியையும் லோரியா பூசியது? இரண்டாம் நாள், “நான் வாங்கினபடியே வித்தேன், எனக்கு என்ன தெரியும்.” மூன்றாம் நாள், “வெளியூர்ல இருக்கேன், வெள்ளிக்கிழமை பேசுறேன்.” வெள்ளிக்கிழமை போனையே எடுக்கவில்லை. ஏழாம் நாள் தமிழும் போய்விட்டது, அண்ணனும் போய்விட்டான். “பாராங் லாமா, போஸ். மானா போலே ரிட்டர்ன்.” பழைய சாமான், எப்படித் திருப்பி எடுப்பது என்கிறான். நான் போஸ் ஆகிவிட்டேன்.

செயலிக்காரர்களுக்கு எழுதினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது, மனுஷன் எழுதியது இல்லை. செயலிக்கு வெளியே கட்டிய பணத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை, உங்கள் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டது. அவன் கணக்கை முடக்குங்கள் என்று மறுபடி எழுதினேன். அதே பதில், அதே நட்சத்திரம். போலீஸ் இணையத்தளத்தில் செமாக் மியூல் என்று ஒன்று இருக்கிறது, வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். மகள் போட்டுப் பார்த்தாள். அந்த மச்சான் கணக்கின் மேல் ஏற்கெனவே 3 புகார். ஒரு நிமிட வேலை, பணம் போடுவதற்கு முன் செய்திருக்க வேண்டியது. மோசடிக்கென்று 997 இருக்கிறது, பணம் போன கையோடு கூப்பிட வேண்டிய எண் அது. நான் கூப்பிட்டது இரண்டு வாரம் கழித்து. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டிப் போடலாம் என்கிறார்கள், ஆனால் எதிராளியின் பெயரும் விலாசமும் வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு குரல் மட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். இதே ஊரில் எம்பியாக இருந்த துன் சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது தோட்டத்து ஜனங்கள் சிறுகச் சிறுகப் பணம் கட்டினார்கள். அப்பாவும் கட்டினார். நம்ம ஆளு என்று நம்பித்தான் கட்டினார். ஆனால் அந்த ரசீதையெல்லாம் பிஸ்கட் டின்னில் போட்டுப் பூட்டிவைத்தார், இன்னும் இருக்கிறது. படிக்காத மனுஷன். நான் டிப்ளமா வைத்திருக்கிறேன், 1,850 வெள்ளிக்கு ஒரு துண்டுச்சீட்டு இல்லை.

பத்து விஷயம் எழுதுகிறேன் என்றேன். தலை வலிக்கிறது, போலீஸ் ரிப்போர்ட்டுக்கும் கிளம்ப வேண்டும். அவசரத்துக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கரைப் பார்க்காதீர்கள், புது ஸ்டிக்கர் எவனும் வாங்கி ஒட்டலாம். 27.2 போஸ்ட் குழாய்க்குள் இறங்குவதை வீடியோவில் காட்டச் சொல்லுங்கள், தராசில் வைத்தும் காட்டச் சொல்லுங்கள். நேரில் போனால் காந்தமும் நூலும் எடுத்துப் போங்கள். செயலிக்கு வெளியே ஒரு காசு போடாதீர்கள். பெயர் வேறாக இருந்தால் மனைவி பேச்சைக் கேளுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவில் தைப்பிங் தம்பி ஒருவர் ஒரு லிங்க் போட்டு, “நல்ல விலைதானே?” என்று கேட்டிருக்கிறார். திறந்து பார்த்தேன். அதே பச்சை, அதே தரை, பக்கத்தில் கிடக்கிற அதே 27.2 போஸ்ட். விலை 1,950. தம்பி, பணம் போட்டுவிடாதே. போட்டிருந்தால் இந்த நிமிஷமே 997க்கு அடி.