மெலியஸ்: நிலவுக்குப் போவதா, தலையைக் கழற்றி வைப்பதா?

எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, வாடகைக்கு எடுத்த புரொஜெக்டரில் ஜார்ஜ் மெலியஸின் படங்களைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். அடுத்தடுத்து இரண்டு சனிக்கிழமைகள். முதல் வாரம் எல்லோருக்கும் பேர் தெரிந்த ‘நிலவுப் பயணம்’ (1902). இரண்டாம் வாரம், அவர் 1896 முதல் 1903 வரை எடுத்த குட்டி வித்தைப் படங்களில் ஐந்து. மெலியஸை முதன்முறை பார்க்கிறவர் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், இப்போது என் ஓட்டு குட்டிப் படங்களுக்குத்தான்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாரிஸ்காரர், மேஜிக் நிபுணர். 1888இல் ஒரு மாயாஜால அரங்கையே சொந்தமாக வாங்கி நடத்தியவர். 1895 டிசம்பர் 28 அன்று லூமியேர் சகோதரர்களின் படக்காட்சியைப் பார்த்துவிட்டு படம் காட்டிய அந்தக் கருவியை விலைக்குக் கேட்டார், கொடுக்கவில்லை. லண்டனில் ஒரு புரொஜெக்டரை வாங்கி, அதைப் பார்த்துத் தனக்கான கேமராவை உருவாக்கிக்கொண்டார். 1897இல் பாரிஸை ஒட்டிய மொன்த்ரேயில் கண்ணாடிக் கூரை போட்ட ஸ்டுடியோ கட்டினார். எடுத்தவை சுமார் 520 படங்கள். இன்று மிஞ்சியிருப்பவை 200 சொச்சம்.

‘நிலவுப் பயணம்’ அழகான படம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நிலவின் கண்ணில் ராக்கெட் குத்தி நிற்கும் காட்சி எங்கள் மாடியிலும் கைதட்டல் வாங்கியது. நிலவின் குகையில் நட்டு வைத்த குடை காளானாக வளர்வதும், நிலவுவாசிகள் அடி வாங்கியதும் புகையாகக் கரைவதும் பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது. சிக்கல் அதற்கு முன்பே வந்துவிட்டது. படம் தொடங்குவது வானியல் சங்கத்தின் கூட்டத்தில். தொங்கும் அங்கி போட்ட தாடிக்காரர்கள் கையை வீசி வீசிப் பேசுகிறார்கள். ஊமைப்படம், என்ன பேசுகிறார்கள் என்று திரையில் சொல்ல ஒரு எழுத்து அட்டைகூடக் கிடையாது. நிலவுக்குப் போகலாம் என்று தலைவர் சொல்கிறார், ஒருவர் எதிர்க்கிறார், சண்டை வருகிறது. இது எனக்குத் தெரியும், முன்னால் உட்கார்ந்திருந்த ஏழு வயதுக்காரிக்குத் தெரியாது. அவள் பாதியில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

அதைவிட முக்கியமானது ராக்கெட் இறங்கும் இடம். முதலில் நிலவின் கண்ணில் குத்துகிறது. அடுத்த காட்சியில் அதே ராக்கெட் நிலவின் தரையில் இன்னொரு தடவை வந்து விழுகிறது. “அங்கிள், ரெண்டு ராக்கெட்டா?” என்று ஒரு பையன் கேட்டான். சரியான கேள்வி. ஒரே சம்பவத்தை இரண்டு கோணத்தில் அடுத்தடுத்துக் காட்டுவது அன்றைக்கு யாருக்கும் பிசகாகத் தெரியவில்லை. இன்றைக்குப் படம் பார்த்துப் பழகிய கண் அதை இரண்டு சம்பவமாக எண்ணிவிடுகிறது.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது இதுதான்: கூடவே நின்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமா, வேண்டாமா? மெலியஸின் நீளமான படங்கள் தனியாக ஓடுவதற்காக எடுக்கப்பட்டவை அல்ல. 1902இல் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு, இவர் இன்னார், இப்போது இது நடக்கிறது என்று விளக்குவார். அவரும் அந்தக் காட்சியின் ஒரு பாதி. நம் ஊர் கொட்டகைகளிலும் ஊமைப்பட நாட்களில் அப்படிக் கதை சொன்னவர்கள் உண்டு. மெலியஸ் தன் விற்பனைப் பட்டியலில் ‘நிலவுப் பயண’த்தை 30 காட்சிகளாகப் பிரித்துப் பெயரிட்டிருந்தார். விளக்கம் சொல்லும் அந்தப் பாதியை விட்டுவிட்டு மீதியை மட்டும் வேட்டியில் ஓட்டினால், பாடகர் வராத மேடையில் பக்கவாத்தியத்தை மட்டும் கேட்கிற மாதிரி ஆகிவிடுகிறது. பத்து நிமிடம் கழித்து நானே எழுந்து பேச ஆரம்பித்தேன். உடனே சபை திரும்பி வந்தது. ஆனால் அதற்குள் பாதிப் படம் போய்விட்டிருந்தது.

குட்டிப் படங்களுக்கு இந்தத் தேவையே இல்லை. ‘தலைகளின் மனிதன்’ (1898) ஏறத்தாழ ஒரு நிமிடம். மெலியஸ் தன் தலையைக் கழற்றி மேசையில் வைக்கிறார். கழுத்தில் இன்னொரு தலை முளைக்கிறது, அதையும் கழற்றுகிறார். மூன்று தலைகள் மேசையில், ஒன்று கழுத்தில். நான்கும் சேர்ந்து பாட, சத்தம் பொறுக்காமல் பேஞ்சோ என்ற நரம்பு வாத்தியத்தால் இரண்டின் மேல் ஒரு போடு. இதில் யாருக்கு என்ன விளக்க வேண்டும்?

‘ஒற்றை ஆள் இசைக்குழு’வில் (1900) ஏழு நாற்காலிகளில் ஏழு மெலியஸ்கள். கேமராவுக்குள்ளேயே அதே ஃபிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறுபடி மறுபடி ஏழு தடவை பதிவு செய்திருக்கிறார். ஏழாவது தடவை ஒரு தப்பு செய்தால் முதல் ஆறும் வீண். இதைச் சொன்னதும் பெரிய பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், உடனே திரும்பப் போடச் சொன்னார்கள். ‘ரப்பர் தலை மனித’னில் (1901) ஒரு தலையைத் துருத்தியால் ஊதிப் பெரிதாக்குகிறார். கேமரா அசையவில்லை. ஒரு சரிவுப் பாதையில் வண்டியில் உட்கார்ந்து அவர்தான் கேமராவை நோக்கி இழுக்கப்படுகிறார். சரிவு எதற்கு என்றால், தலை பெரிதாகும்போதும் கழுத்து மேசை மட்டத்திலேயே நிற்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் சாக்கட்டியால் தரையில் வரைந்து காட்டினேன். அதற்கே கால் மணி நேரம் ஓடிவிட்டது, யாரும் அசையவில்லை.

அன்றைக்கு அதிகம் சிரிக்க வைத்தது ‘முடியாத ஆடைக் களைவு’ (1900). படுக்கப் போகிறவர் சட்டையைக் கழற்றக் கழற்றப் புதுச் சட்டை ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் குடிக்கப் போன அதே பெண் மூன்று தடவை போடச் சொன்னாள். ஐந்தாவது ‘மறையும் பெண்மணி’ (1896), சட்டென்று முடிந்துவிடும்.

நிலவுப் படத்துக்கு ஒரு பெரிய பலம் உண்டு: நிறம். கையால் வண்ணம் தீட்டிய பிரதி ஒன்று பார்சிலோனா திரைக்காப்பகத்துக்கு 1993இல் வந்து சேர்ந்தது. சீரமைத்து 2011இல் கான் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள். நிறத்துக்காகப் பார்க்கிறவர் அதையே எடுக்கலாம். பழைய கறுப்புவெள்ளைப் பிரதிகள் பலவற்றில் கடைசி ஊர்வலம் இருக்காது, அதைக் கவனிக்கவும். குட்டிப் படங்கள் கோடும் புள்ளியுமாகத்தான் கிடைக்கின்றன. ஆனால் தலை கழன்று விழும்போது கோடு யார் கண்ணிலும் படவில்லை.

என் அனுபவம் இரண்டே மாலைகள்தான், இருபது பிள்ளைகள்தான். டிஜிட்டல் கோப்பில் பார்த்தது, ஃபிலிம் ஓட்டிப் பார்த்ததில்லை. பெரியவர்கள் மட்டும் கூடியிருந்தால் நிலவே வென்றிருக்கலாம்.

மூன்றாம் மாடி ஆச்சி இரண்டு வாரமும் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பேரன் பேத்திகளுக்குக் கதை சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. 30 காட்சிகளையும் தமிழில் எழுதி அவர் கையில் கொடுத்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை ‘நிலவுப் பயணம்’ மறுபடி ஓடும், ஆச்சி வேட்டிக்குப் பக்கத்தில் நிற்பார். ராக்கெட் ஏன் இரண்டு தடவை விழுகிறது என்பதற்கு இப்போதே ஒரு காரணம் தயாராக வைத்திருக்கிறாராம்.