வீல்சேர் கேக்க வெக்கப்பட்டே 3 வருஷம் வீணாப் போச்சு

எனக்கு முடக்குவாதம், அதாங்க ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், வந்து 9 வருஷம் ஆச்சு. முதல் 3 வருஷம் ஏர்போர்ட்ல வீல்சேர் கேக்கவே இல்ல, நடக்கத்தான் முடியுதே அப்புறம் எதுக்குன்னு ஒரு வீம்பு. ஒரு தடவ செக்யூரிட்டி லைன்ல முக்கா மணி நேரம் நின்னுட்டு கடைசி கேட்டுக்கு நடந்து போறதுக்குள்ள கணுக்கால் ரெண்டும் வீங்கிடுச்சு, ஷூவ கழட்டினவன் திரும்ப மாட்ட முடியாம சாக்ஸோட ஃப்ளைட் ஏறினேன். வீம்பெல்லாம் அன்னிக்கே போச்சு, 6 வருஷமா கேட்டுத்தான் போறேன்.

வீல்சேர்னு சொன்னா ஒரே வகைன்னு நெனச்சுட்டு இருந்தேன், இல்ல, ஏர்லைன்ஸ்காரங்க டிக்கெட்ல போடுற கோடு மூணு இருக்கு. டபிள்யூ சி ஹெச் ஆர்னா தூரம் நடக்க முடியாது ஆனா படி ஏறுவாங்க, டபிள்யூ சி ஹெச் எஸ்னா படியும் ஏற முடியாது, டபிள்யூ சி ஹெச் சினா சீட் வரைக்குமே கொண்டு போய் உக்கார வைக்கணும். போன்ல "நடப்பீங்களா சார்"னு கேப்பாங்க, நானும் ஆமாம்பேன், உடனே ஆர் போட்டுடுவாங்க. அப்படி ஒரு நாள் ஏரோபிரிட்ஜ், அதாங்க கேட்லேருந்து நேரா ஃப்ளைட்டுக்குள்ள போற பாதை, இல்லாம பஸ்ல கொண்டு போய் படிக்கட்டு அடியில விட்டுட்டாங்க, ஒவ்வொரு படியிலயும் ரெண்டு காலையும் சேத்து வெச்சு கைப்பிடிய கட்டிப்பிடிச்சு ஏறினேன், பின்னாடி மொத்தக் க்யூவும் நிக்குது. இப்போ கேள்வி வர்றதுக்கு முன்னாடியே "படி ஏற மாட்டேன், உள்ள மெதுவா நடப்பேன்"னு சொல்லிடுறேன். எஸ் போட்டா ஆம்புலிஃப்ட்னு ஒரு வண்டி வரும், அதோட பெட்டி அப்படியே மேல எழும்பி ஃப்ளைட் கதவுகிட்ட சேத்துடும்.

நல்லாருக்குற நாள்ல உக்காந்து புக் பண்ணிட்டு "இது வேணாமே"ன்னு தோணும், அதை நம்பாதீங்க, வலி வர்ற நாள கணக்கு வெச்சுத்தான் கேக்கணும். 48 மணி நேரத்துக்கு முன்னாடியே சொல்லிடுங்க, ஐரோப்பால சட்டத்துலயே அந்தக் கணக்குதான், காசும் வாங்கக் கூடாது. திரும்பி வர்ற டிக்கெட்லயும் வீல்சேர் கேட்டது பதிவாகியிருக்கான்னு பாருங்க, நான் ஒரு தடவ கோட்டை விட்டேன்.

பெரிய தலவலி எதுன்னா, தள்ளுறவங்க நல்ல மனசோட "கைய குடுங்க"ன்னு மணிக்கட்ட பிடிச்சு இழுக்குறதுதான். நமக்கு விரலும் மணிக்கட்டும்தானே முதல்ல போறது, கண்ணுல தண்ணி வந்துடும். "இழுக்காதீங்க தம்பி, பிரேக்க போட்டு ஃபுட்ரெஸ்ட்ட மட்டும் மடக்குங்க, நானே எந்திரிக்கிறேன்"னு உக்காரும்போதே சொல்லிடுவேன், அதுக்கப்புறம் பிரச்சினையே இல்ல.

இறங்கும்போது பெரும்பாலும் கடைசிலதான் விடுவாங்க. ஒரு ஏர்போர்ட்ல (பேர் வேணாம்) ஒரு ஓரமா நிறுத்திட்டு "இதோ வந்துடுறேன்"னு போனவர் 40 நிமிஷம் வரல, அந்த சேர்ல சின்ன சக்கரம்தான், நாமளா உருட்டவும் முடியாது. அதுலேருந்து கனெக்ஷனுக்கு ரெண்டரை மணி நேரத்துக்குக் கொறஞ்சு புக் பண்றதில்ல, பாத்ரூம் போகணும்னா கேட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே நிறுத்தச் சொல்லிடுவேன். அங்க எந்திரிச்சு நாலு எட்டு வெச்சதும் "நல்லாத்தான நடக்குறாரு"ன்னு யாராவது முணுமுணுப்பாங்க, பழகிடுச்சு.

இந்த முடக்குவாதத்துக்கு பயாலஜிக்னு ஒரு வகை மருந்து ஊசி போடுறவங்க அதை செக்-இன் பேக்ல போட்டுடாதீங்க, 2லேருந்து 8 டிகிரில இருக்கணும், உறைஞ்சா தூக்கிப் போட வேண்டியதுதான். ஐஸ் பேக், டாக்டர் லெட்டரோட கைப்பையிலதான் வரும். விடியக்காலை ஃப்ளைட்டும் எடுக்குறதில்ல, எனக்கு காலைல மூட்டு இளகவே ஒரு மணி நேரம் ஆகும். சீட் எப்பவும் முன்னாடி, நடைபாதை ஓரம், அடிக்கடி எந்திரிச்சு கால நீட்டணுமே. ஜன்னல் சீட்ட விட்டுக்குடுத்ததுலதான் இன்னும் கொஞ்சம் வருத்தம்.