மூன்று அறை கேட்டேன், ஒன்றுக்குத்தான் ஒத்துக்கொண்டார்

வீட்டை விற்பது என்று முடிவானதும் முதலில் கண்ணை உறுத்தியது கூடத்துச் சுவரில் இருந்த கறைதான். சாய்வு நாற்காலிக்குப் பின்னால், தலை உயரத்தில், கைக்குட்டை அகலத்துக்கு மங்கலான பழுப்பு வட்டம். 11 வருடத் தலை எண்ணெய். என்னுடையதுதான், வேறு யாரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

இதுக்கு எதுக்கு ஆள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே எமல்ஷன் வாங்கி வந்து இரண்டு கோட் அடித்தேன். அன்று மாலை பளிச்சென்று இருந்தது. புதன்கிழமை கறை மறுபடி எட்டிப் பார்த்தது. மூன்றாவது கோட்டும் போட்டு, அந்த இடம் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தெரிய ஆரம்பித்த பிறகுதான் பெயின்டரைக் கூப்பிட்டேன். ஒரு மேஸ்திரி, கூட ஒரு பையன். அவர்கள் செய்த வேலையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

என்னிடம் பட்டியல் தயாராக இருந்தது: கூடம், இரண்டு படுக்கையறை, வாசல் கதவு. அதற்கு முன் பேசிய ஒருவர் வீட்டையே பார்க்காமல் போனிலேயே மொத்தத்துக்கும் விலை சொல்லியிருந்தார். இவர் முக்கால் மணி நேரம் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார். "படுக்கையறை நல்லாத்தான் இருக்கு சார். ஸ்விட்ச் பக்கத்துல கை அழுக்கு, சோப்புத் தண்ணியில துடைச்சாப் போதும். வர்றவங்க கூடத்துலதான் நிப்பாங்க. கதவைத் தொட்டுத்தான் உள்ள வருவாங்க. காசை அங்க போடுங்க" என்றார். தன் கூலியைத் தானே குறைத்துக்கொள்ளும் மனிதரைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். இவரிடமும் வந்தது.

அப்புறம் அண்ணாந்து பார்த்தார். குளியலறையை ஒட்டிய மூலையில் கூரையில் டீ நிறத்தில் ஒரு வளையம், அதன் கீழே சுவரில் வெள்ளைப் பொடி. நகத்தால் சுரண்டினார், பெயின்டோடு காரையும் உதிர்ந்தது. "ஓதம் சார். உப்பு பூத்திருக்கு. கசிவை நிறுத்தாம நான் பிரஷ்ஷைத் தொட மாட்டேன்."

நான் வாதாடினேன். விற்கப்போகிற வீடுதானே, மூன்று மாதம் தாங்கினால் போதாதா? "தாங்காது சார். தாங்கினாலும், வாங்கினவர் அடுத்த மழைக்கு உங்களைத்தான் தேடி வருவார்." சுவருக்குள் போகும் தண்ணீர் காரையில் உள்ள உப்பைக் கரைத்து மேலே கொண்டுவரும். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் பெயின்டுக்கு அடியில் தங்கி அதை நெட்டித் தள்ளும். மேலே எத்தனை விலை உயர்ந்த பெயின்ட் அடித்தாலும் இதுதான் கதி. வாங்குபவரிடம் மறைக்கப் பார்த்தேன் என்பது புரிந்தபோது கொஞ்சம் கூசத்தான் செய்தது. பிளம்பர் வந்து பார்த்ததில், சுவருக்குள் போகும் குழாயின் இணைப்பில் கசிவு. அதைச் சரிசெய்து சுவர் காய மூன்று வாரம் ஆனது. காய்ந்த பிறகு உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தார்கள். கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேயே போய்விடுமாம்.

இனி எண்ணெய்க் கறை. நான் என்ன தப்பு செய்தேன் என்பது இங்கேதான் தெரிந்தது. எமல்ஷன் தண்ணீரில் கலந்த பெயின்ட், எண்ணெய்ப் பிசுக்கின் மேல் அது சரியாகப் பிடிக்காது. முதலில் என் மூன்று கோட்டையும் சுரண்டி எடுத்தார்கள். சோப்பு போட்டுக் கழுவி, காயவிட்டு, உப்புத்தாள் தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் கறையை அடைக்கும் ஆயில் பிரைமர், அதாவது பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு, ஒரு கோட். கூரை வளையத்துக்கும் அதேதான். பிறகு பட்டி பார்த்து, அதாவது பள்ளங்களைப் பசை வைத்து நிரப்பி, டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்து மேடு பள்ளம் தேடினார் மேஸ்திரி. அந்த டார்ச் வேலைக்கு மட்டுமே ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம்.

நிறத்தில் எனக்கும் மனைவிக்கும் சண்டை, அதை விடுங்கள். ஷேட் கார்டில் நாங்கள் எடுத்த வெள்ளை, அட்டையில் அடித்துப் பார்த்தபோது இரவு விளக்கில் நீலமாகத் தெரிந்தது. துளி மஞ்சள் கலந்த வெள்ளைக்கு மாறினோம். பளபளப்பு இல்லாத மேட் வகை. பழைய சுவரின் கோணல்களை மினுமினுப்பு காட்டிக்கொடுத்துவிடும் என்றார், சரியாகவே சொன்னார்.

கதவில் நாட்காட்டி தொங்கிய இடம் மட்டும் நீள்சதுரமாக, மற்ற இடத்தைவிட மஞ்சளாக இருந்தது. ஆயில் எனாமல் வெளிச்சம் படாத இடத்தில் கூடுதலாக மஞ்சளிக்குமாம். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தேய்த்துப் பார்த்தார். தண்ணீர் பெயின்டாக இருந்தால் இளகியிருக்கும். இது இளகவில்லை, ஆக ஆயில்தான். நன்றாகத் தேய்த்து, பிரைமர் போட்டு, மஞ்சளிக்காத தண்ணீர் எனாமல் அடித்தார்கள்.

குறையும் இங்கேதான். இந்த எனாமல் தொட்டால் காய்ந்தது போல இருக்கும், முழுதாக இறுக வாரக்கணக்கில் ஆகும். அதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அன்று இரவே கதவை இறுக்கிச் சாத்தினோம். காலையில் நிலையோடு ஒட்டிக்கொண்டு, இழுத்ததும் காசு அகலத்துக்குப் பிய்ந்து வந்தது. மறுநாள் முணுமுணுக்காமல் சரிசெய்தார்கள் என்றாலும், முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான்கு நாள் என்ற வேலை ஆறு நாள் ஆனது. ஸ்விட்ச் போர்டு ஓரங்களில் பையனின் கை கொஞ்சம் வழுக்கியிருக்கிறது. மீதி பெயின்டை வைத்துவிட்டுப் போனார்கள், டப்பாவில் ஷேட் எண் எழுதவில்லை. போன் செய்து கேட்டு நானே எழுதி ஒட்டினேன்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். வீடு பார்க்க வந்த முதல் தம்பதியில் அந்த அம்மா நேராகக் குளியலறை மூலைக்குத்தான் போய் அண்ணாந்து பார்த்தார். பிளம்பர் பில்லை எடுத்துக் காட்டினேன். சாய்வு நாற்காலியைச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளிப் போட்டிருக்கிறாள் மனைவி.