வேர்ட்பிரஸில் தமிழ்த் தளம்: இரண்டாம் ஆண்டில் தலைகாட்டும் கோளாறுகள்

சங்கத்துக்கோ வாசகர் வட்டத்துக்கோ வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருளில் ஒரு தளம் அமைக்க ஒரு வாரக்கடைசி போதும். அது தமிழ்த் தளம் என்பதாலும் சிங்கப்பூரில் நடக்கிறது என்பதாலும் வரும் சிக்கல்கள் பின்னால்தான் தெரியவரும். ஆங்கிலக் கையேடுகளில் அவற்றைத் தேடிப் பயனில்லை.

பெரிய தொல்லை பதிவின் முகவரி. தலைப்பைத் தமிழில் தட்டியதும் வேர்ட்பிரஸ் அதையே முகவரியாக்கிக்கொள்ளும். அதற்குத் தரவுத்தளத்தில் ஒதுக்கிய இடம் 200 எழுத்து. ஆங்கிலத்துக்குத் தாராளம். தமிழில் அகர உயிர்மெய், துணைக்குறி, புள்ளி ஒவ்வொன்றும் தனிக் குறியீடு. ஒவ்வொன்றும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் சதவிகிதக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். ஆக, ஒரு குறியீடு 9 எழுத்தைத் தின்றுவிடும். 22 குறியீட்டோடு இடம் தீர்ந்தது. ‘சிங்கப்பூர்’ மட்டுமே 11. ‘தமிழ்மொழி விழா சிங்கப்பூர் 2024’ என்று தலைப்பு வைத்தால் முகவரி ‘சிங்கப்பூ’வில் வெட்டுப்படும், ஆண்டு காணாமல் போகும். அடுத்த ஏப்ரலில் அதே மாதிரித் தலைப்பு வரும்போது முகவரியின் வாலில் 2 ஒட்டிக்கொள்ளும், அதற்கடுத்த ஆண்டு 3. எது எந்த ஆண்டு என்று யாருக்கும் புரியாது. வாட்ஸ்அப்பில் இணைப்பை ஒட்டினால் திரை முழுக்கச் சதவிகிதக் குறி.

வெளியிடும் முன் முகவரிப் பெட்டியில் ரோமன் எழுத்தில் நான்கைந்து சொல்லை, ஆண்டோடு சேர்த்து, கையால் அடித்துவிடுங்கள். ஏற்கெனவே வெளியான பதிவில் மாற்றினாலும் பழைய இணைப்பை வேர்ட்பிரஸே புதியதற்குத் திருப்பிவிடும். தளம் முழுவதற்குமான முகவரி அமைப்பை மாற்றுவது வேறு சங்கதி. ஓடுகிற தளத்தில் அதைத் தொடாமலிருப்பதே நல்லது.

படக் கோப்புகளுக்கும் ரோமன் எழுத்திலேயே பெயர் வையுங்கள். சில கணினிகள், முக்கியமாகப் பழைய மேக், ‘கொ’வின் துணைக்குறியை இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும் பெயர் சர்வருக்கு வேறு பெயர். தளத்தை இடம் மாற்றிய பிறகு சில படங்கள் மட்டும் வராமல் போவதற்கு இது ஒரு காரணம்.

இடம் மாற்றும்போது இன்னொன்றும் நடக்கும். முதலாண்டுச் சலுகை முடிந்ததும் ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் வாடகை சர்வர்) கட்டணம் ஏறும், மலிவான இடத்துக்குப் போவார்கள், போன இடத்தில் கட்டுரைகள் எல்லாம் தலையில் கோடு போட்ட ஏ-யும் வட்டத்துக்குள் நிற்கும் ஆர்-உமாகத் தெரியும். பதறத் தேவையில்லை. யூனிகோடு பைட்டுகளை லத்தீன் என்று எண்ணிக் காட்டுகிறது, அவ்வளவுதான். பழைய தரவுத்தளத்தை லத்தீன்-1 எழுத்துக்குறியில் ஏற்றுமதி செய்து, யுடிஎஃப்8எம்பி4 என்ற யூனிகோடு வகையாக இறக்கினால் பெரும்பாலும் மீண்டுவிடும். எழுத்துக்குப் பதில் வெறும் கேள்விக்குறிகள் சேமிக்கப்பட்டிருந்தால்தான் ஆபத்து: தரவே அழிந்துவிட்டது, முன்பே எடுத்துவைத்த நகலான பேக்கப் ஒன்றே வழி. அதனால் புதிய இடத்தில் பத்துப் பதிவாவது படித்துப் பார்க்கும்வரை பழைய கணக்கை மூடக்கூடாது.

பொங்கல் வாழ்த்தைக் காலை 6 மணிக்கு வைத்தால் பிற்பகல் 2 மணிக்கு வெளியாகிறதா? நேர மண்டலம் உலகப் பொது நேரத்திலேயே கிடக்கிறது. பட்டியலில் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகும் தாமதமானால் காரணம் வேறு. வேர்ட்பிரஸின் நேரப் பணிகள் யாராவது தளத்துக்கு வந்தால்தான் ஓடும். நாளுக்குப் பத்துப் பேர் வரும் தளத்தில் அது தூங்கிவிடும். உள்ளமைப்புக் கோப்பில் அதை நிறுத்திவிட்டு, ஹோஸ்டிங் பலகையிலுள்ள கிரான் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் வசதி) வழியாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை அழைக்கச் செய்யலாம்.

எழுத்துரு பற்றிச் சுருக்கமாக: வரி உயரம் எழுத்தளவைப்போல் 1.7 மடங்கு, எழுத்து இடைவெளி சுழியம். முகப்பில் வரும் சுருக்கத்தின் இயல்பளவான 55 சொல் தமிழுக்கு மிக நீளம்; 25 போதும்.

இனி டொமைன், அதாவது தளத்தின் பெயர். ‘.sg’ என்று முடியும் எஸ்ஜி முகவரி பதிந்தால் நிர்வாகத் தொடர்பாளர் அரசாங்க மின்னடையாளமான சிங்பாஸ் மூலம் 21 நாளுக்குள் உறுதிப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் முகவரி முடக்கப்படும். அந்த மின்னஞ்சல் குப்பைப் பெட்டியில் விழுந்து கிடப்பது சகஜம். செயலவை மாறும்போது கடவுச்சொல் கைமாறும், தொடர்பாளர் பெயர் மட்டும் முன்னாள் செயலாளருடையதாகவே இருக்கும். புதுப்பிப்பு அறிவிப்பெல்லாம் அவருக்கே போகும். தளங்கள் ஊடுருவலால் சாவதைவிட இப்படிச் சாவதே அதிகம் என்பது எங்கள் எண்ணம். ஆண்டுக்கூட்டம் முடிந்த வாரமே மாற்றிவிடுங்கள். மின்னஞ்சலும் தனியாளுடையதாக இல்லாமல் சங்கத்துடையதாக இருக்கட்டும்.

‘.சிங்கப்பூர்’ என்ற தமிழ் முகவரியும் 2011 முதல் உண்டு. பெருமைக்கு வாங்கி, முதன்மைத் தளத்துக்குத் திருப்பிவிடலாம். அதையே ஒரே முகவரியாக வைக்கச் சொல்ல மாட்டோம். பல படிவங்கள் ஏற்காது, சில செயலிகளில் புரியாத ரோமன் எழுத்துக் கோவையாகத் தெரியும்.

எஸ்ஜி முகவரியால் ஒரு நன்மை: தேசிய நூலக வாரியம் 2019 முதல் எஸ்ஜி தளங்களை உரிமையாளரின் முன்னனுமதி இல்லாமலே இணையக் காப்பகத்தில் சேமிக்கலாம். அதற்காக அதைப் பேக்கப் என்று நினைத்துவிடக்கூடாது. தரவுத்தளத்தைத் தினமும், படங்களை வாரமும், அதே சர்வருக்கு வெளியே எடுத்துவைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சோதனைத் தளத்தில் மீட்டுப் பாருங்கள். திறந்தே பார்க்காத பேக்கப் கோப்பில் பாதிதான் இருக்கும் என்பது தேவைப்படும் நாளில்தான் தெரியவரும். வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியின் பதிப்பை உயர்த்துவதையும் இந்தச் சோதனைத் தளத்தில்தான் முதலில் செய்ய வேண்டும்; 7.4-க்கான ஆதரவு 2022-லேயே முடிந்துவிட்டது, பழைய ப்ளகின்கள் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் நிரல்கள்) 8-இல் வெள்ளைத்திரை காட்டும்.

நிகழ்ச்சிப் பதிவுப் படிவத்தில் அடையாள அட்டை எண் கேட்கும் பழக்கம் இன்னும் சில தளங்களில் இருக்கிறது. 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கோரினாலோ ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ தவிர அதைத் திரட்டக்கூடாது. பெயரும் மின்னஞ்சலும் போதும். படிவ ப்ளகின்களில் பல ஒவ்வொரு பதிவையும் தரவுத்தளத்திலேயே சேமித்துவைக்கும். நிகழ்ச்சி முடிந்ததும் அங்கே போய் அழியுங்கள், பழைய பேக்கப் கோப்புகளிலும் அதே பட்டியல் இருக்கும்.