பழத்தின் பெயருக்கு முன்னால் நாட்டின் பெயர்: ஒரு அகராதி விமர்சனம்

ஜூஸ் பாட்டில் லேபிள், ஓட்டல் மெனு ஆகியவற்றை ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்கு மாற்றுவதுதான் என் பிழைப்பு. ஒப்பந்தப் பத்திரம்கூட இவ்வளவு படுத்தாது, பழம் படுத்தும். பீச் என்றால் ஸ்பெயினில் மெலோகோதோன், மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் துராஸ்னோ. ஸ்ட்ராபெரி ஸ்பெயினில் ஃப்ரேசா, சிலியில் ஃப்ருதீயா. கையடக்க இருமொழி அகராதிகள் பெரும்பாலும் ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும்.

அதனால் நான் நம்புவது 'திக்ஸியோனாரியோ தே அமெரிக்கானிஸ்மோஸ்', அதாவது அமெரிக்கக் கண்டத்து ஸ்பானிஷ் சொற்களின் அகராதி. ஸ்பானிஷ் மொழி அகாதெமிகளின் கூட்டமைப்பு 2010-ல் வெளியிட்டது, இணையத்தில் இலவசம். இதன் அருமை, எந்தெந்த நாட்டில் அந்தச் சொல் புழங்குகிறது என்பதைப் பொருளோடு சேர்த்துச் சுருக்கெழுத்தில் போட்டிருப்பது. பேஷன் ஃப்ரூட்டையே எடுங்கள். பல நாடுகளில் மராகுயா. வெனிசுவேலாவில் பர்ச்சீதா, புவேர்த்தோ ரிக்கோவில் பர்ச்சா, டொமினிக்கன் குடியரசில் சினோலா. மராகுயா என்று மட்டும் அச்சடித்து டொமினிக்கன் தலைநகர் சாண்டோ டொமிங்கோவுக்கு அனுப்பினால் பாட்டில் அந்நியமாகத்தான் நிற்கும்.

கியூபாவுக்கு இன்னும் கவனம் வேண்டும். பப்பாளியை அங்கே ஃப்ரூதா போம்பா என்பார்கள், ஏனென்றால் பப்பாயா என்பது அங்கே பெண்ணுறுப்பைக் குறிக்கும் கொச்சை. மெனுவில் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். அன்னாசியோ பெரும்பாலும் பீன்யாதான். அர்ஜென்டினா, உருகுவே போன்ற நாடுகளில் அனனா என்று கேட்கும்போது நம் வீட்டுப் பிள்ளையைப் பார்த்த மாதிரி இருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. முழுக்க ஸ்பானிஷில் இருப்பதால் ஆங்கிலச் சொல்லை வைத்துத் தேட வழியில்லை. ஏற்கெனவே ஒரு ஸ்பானிஷ் சொல் கையில் இருந்தால்தான் உள்ளே நுழைய முடியும். பெயரே சொல்வதுபோல இது அமெரிக்கக் கண்டத்துச் சொற்களுக்கு மட்டும். ஸ்பெயின் வழக்குக்கு ஸ்பானிஷ் ராயல் அகாதெமியின் பொது அகராதியையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம், எலுமிச்சைச் சிக்கலை எந்த அகராதியும் உங்களுக்காக முடித்துவைக்காது. மெக்சிகோவில் லிமோன் என்று கேட்டால் வருவது சின்னப் பச்சைக் காய். ஸ்பெயினில் மஞ்சள் காய். ஆங்கிலத்தில் லைம் என்று இருக்கிறதே என்று மெக்சிகோ லேபிளில் லீமா போட்டால் அது வேறொரு இனிப்புப் பழம்.

வேலை ஒப்புக்கொள்ளும்போதே சரக்கு எந்த நாட்டுக்கு என்று கேட்டுவிடுவேன். "லத்தீன் அமெரிக்கா முழுக்க" என்று பதில் வந்தால், சரி, பழத்தின் படத்தைப் பெரிதாகப் போடுங்கள் என்பேன்.