வெதச்ச புல்லு மலையில மேய்ப்பா, அறுப்பா? பத்தனைச் செடிங்க திரும்ப வர எது உதவும்

இலங்கையில ஊவா மலைநாட்டு வெலிமடைக்கு மேல மாடு வச்சிருக்கவங்க அடிக்கடி பேசிக்கிற விஷயம்தான் இது. பத்தனைச் சரிவுல, அதாவது மரம் கம்மியா இருக்குற மலைப் புல்வெளியில, கிக்குயு புல்லும் வெள்ளைக் குளோவருங்கிற தீவனச் செடியும் வெதச்சாச்சு, இனி மாட்ட அவுத்து விட்டு மேய்க்கிறதா, இல்ல அறுத்துக் கொண்டுவந்து பட்டியில போடுறதா? மேய விட்டா கூலி மிச்சம், அறுத்தா முதுகு போயிரும், இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். எனக்கு முக்கியம் வேற: அந்த மலையில முந்தி இருந்த மானாப்புல்லு (ஒசரமா வளர்ற வாசனைப் புல்லு), போவிட்டியா (ஊதாப் பூப் புதரு), பினர பூ (சின்ன ஊதாப் பூச்செடி), நெல்லிக்கன்னு இதெல்லாம் திரும்பத் தலை காட்டுமா காட்டாதா. அதுக்காகவே நான் அறுப்புக்கு மாறிட்டேன், இப்பவும் அதுதான் சரின்னு சொல்லுவேன்.

நெருப்பு வைக்கிறது மூணாவது வழின்னு சிலர் சொல்றாங்க. ஆகஸ்ட் காத்துல எரிச்சா மானாதான் மொதல்ல தூருல இருந்து கெளம்பும், மரக்கன்னு நெறைய செத்துரும், ஐப்பசி மழைக்கு மண்ணு அடிச்சுக்கிட்டுப் போயிரும். அத விட்டுருவோம்.

மேய்ப்புக்கும் அறுப்புக்கும் உள்ள பெரிய வித்தியாசம் சாணி எங்க விழுதுங்கிறதுதான். பத்தனை மண்ணு புளிச்ச மண்ணு, சத்து கம்மி, நம்ம ஊர்ச் செடிங்க அந்தக் கம்மியிலயே வாழப் பழகுனதுங்க. கிக்குயு கிழக்கு ஆப்பிரிக்க மலைப்புல்லு, நைட்ரஜன் கெடச்சா நிக்காம படரும், கூட இருக்குற குளோவர் வேற காத்துல இருக்கிற நைட்ரஜன வேர்ல புடிச்சு மண்ணுக்குக் குடுக்குது, அதுக்கு மேல மாடும் சாணி, மூத்திரம்னு போட்டுக்கிட்டே இருந்தா மெலிஞ்ச மண்ணுல வாழுற செடிக்கு எடம் எங்க இருக்கு? மேய்ச்சல் மலையில ஒரு பழைய சாணிய சுத்திப் பாருங்க, கரும்பச்சையா ஒரு வட்டம் நிக்கும், மாடு அதத் தொடக்கூட மாட்டேங்கும். அத கத்தியால தூக்கிப் பாத்தா தண்டு ஒன்னு மேல ஒன்னு பாய் மாதிரி பின்னிக் கெடக்கும், கணுவுக்குக் கணு வெள்ள வேரு எறங்கியிருக்கும், அடியில வெளிச்சமே இல்ல. அந்த எடத்துல எந்த வெத மொளைக்கும்?

அறுத்தா கதை மாறுது. புல்லோட சேந்து சத்தும் மலைய விட்டு எறங்குது, சாணி லீக்ஸ் பாத்திக்கும் கெழங்குக்கும் போகுது, மலை கொஞ்சங் கொஞ்சமா மெலியுது. எங்க மலையில மேல்வரம்புல, மண்ணு ஆழமில்லாத எடத்துலதான் மொதல்ல மானாத் தூரு வந்துச்சு, அப்புறம் போவிட்டியா. நாலு விரல் ஒசரம் விட்டு அறுக்கணும், ஒட்ட வழிச்சா தூரு காஞ்சிரும். பினர பூக்கிற ஆகஸ்ட், செப்டம்பர்ல அந்தப் பக்கம் கத்தியே வைக்காம வெத விழட்டும்னு விட்டுருவேன்.

ரெண்டுமே வேணாம், சும்மா விட்டா தானா வந்துரும்னு நெனைக்காதீங்க. ஹோர்ட்டன் சமவெளியில ஒரு காலத்துல உருளைக்கெழங்கு போட்டாங்க, 1988ல தேசியப் பூங்கா ஆச்சு, ஆனா பழைய கெழங்கு நெலத்துல இன்னும் வெளிநாட்டுப் புல்லு படர்ந்து கெடக்கு, மரைமானுங்க மேஞ்சும் போகல.

அறுப்புல கஷ்டமும் இருக்கு. சத்து எறங்க எறங்க புல்லும் கொறையும், பாலும் கொறையும். அதுக்கு பட்டிக்குப் பக்கத்துலயே கோயம்புத்தூர்ல இருந்து வந்த சிஓ 3ங்கிற ஒட்டுத் தீவனப் புல்ல நட்டு, சாணியெல்லாம் அதுக்குப் போடுறோம். அப்புறம், வெதைக்கிறப்ப டிராக்டர் விட்டு ஆழமா உழுத மலைன்னா பழைய வேரு எதுவும் மிஞ்சியிருக்காது, பக்கத்துல உழாத பத்தனைத் துண்டு ஒன்னு இருந்தாத்தான் வெத வந்து சேரும். இதெல்லாம் ஊவாப் பக்கம் கண்டத வச்சுத்தான் சொல்றேன். ஹட்டன், அம்பேவல மாதிரி வருஷம் பூரா ஈரமா இருக்குற எடத்துல நான் மாடு வளத்ததில்ல, அங்க கிக்குயு இன்னும் வேகமா ஏறும், அறுப்பும் அடிக்கடி வேணும்னு நெனைக்கிறேன். தரையில பூக்குற ஆர்க்கிட் எங்க மலைக்கு இன்னும் வரல, அதுக்கு எவ்வளவு காலம் ஆகுமோ.

மேய்ச்சல விடவே முடியாதவங்க, தண்ணித் தொட்டியையும் உப்புக்கட்டியையும் மலையோட அடிப்பக்கமா வையுங்க. மாடு அங்கதான் நின்னு அசை போடும், சாணி நெறைய அங்கயே விழும், மேல்ச்சரிவு கொஞ்சமாவது மெலிஞ்சு கெடக்கும்.