திங்கள் சந்தைக்குச் செவ்வாய்க்கிழமை கூட்டிப் போனார்கள்

ஊரிலிருந்து பெரியவர்களை வரவழைத்து, லண்டனைச் சுற்றிக் காட்டி முடித்துவிட்டு, ஒருநாள் இங்கிலாந்துக் கிராமப்புறத்தையும் காட்டிவிடலாம் என்று வேன் தேடிக்கொண்டிருப்பவர்கள் முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 400 பவுண்ட் போனது. அதைவிட, மாமனார் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே ஒரு விஷயமும் போனது.

நாங்கள் இருப்பது லண்டன் ஹாரோவில். வாட்ஸப் குழு ஒன்றில் விளம்பரம் வந்தது: ஒரே நாளில் பேக்வெல் பழைய சந்தை, சாட்ஸ்வொர்த் மாளிகை, ஹாடன் ஹால் என்கிற இன்னொரு பழைய மாளிகை, மான்சல் ரயில்பாதை நடை, கூடவே அசல் பேக்வெல் புட்டிங். தமிழ் பேசும் ஓட்டுநர், குடும்பத்துக்கென்று தனி வண்டி, ஆறு பேருக்குச் சேர்த்து 420 பவுண்ட். வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பினால் 20 குறைவு. அந்த இருபதுக்கு ஆசைப்பட்டதுதான் நான் செய்த முதல் தப்பு. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பேக்வெல் டார்பிஷயரில், பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிற சின்ன ஊர். 1951இல் பிரிட்டனில் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்கா அதுதான். ஊருக்குள் வை ஆறு ஓடுகிறது, அதன்மேல் ஐந்து வளைவுகளோடு இடைக்காலத்துக் கல்பாலம் ஒன்று இருக்கிறது. அங்கே வாரச்சந்தை திங்கட்கிழமை. தெருவில் கடைகள் போடுவார்கள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆடுமாடு ஏலமும் அன்றைக்கு நடக்கும். மாமனாருக்கு மணப்பாறைப் பக்கம். மாட்டுச் சந்தை என்று காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "வெள்ளைக்காரன் எப்படி விலை பேசுவான் மாப்பிள்ளை, துண்டுக்குள்ள விரலைப் புடிச்சா?" என்று இரண்டு நாள் அதே பேச்சு. இங்கே ஏலம் விடுபவர் மைக்கில் மூச்சுவிடாமல் விலை சொல்வார் மாமா என்றேன். அதையும் பார்த்துவிட வேண்டும் என்றார்.

திங்கட்கிழமைக்குத்தான் பதிவு செய்தேன். சனிக்கிழமை இரவு ஏற்பாட்டாளரிடமிருந்து போன்: "சார், திங்கள் வண்டி கொஞ்சம் சிக்கல். செவ்வாய்க்கிழமை போயிருவோம். எல்லாம் அதே இடம்தான், நாள் மட்டும்தான் மாறுது." நானும் சரி என்றுவிட்டேன். நம் ஊரில் திங்கள்சந்தை என்று ஒரு ஊருக்கே பெயர் வைத்திருக்கிறார்கள். சந்தை என்றாலே நாள்தான் என்று தெரிந்த எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை. விளம்பரத்தில் இருந்ததோ சந்தைக் கடைகளின் படம், நாள் எதுவும் போடவில்லை. ஆனால் அந்த ஊருக்கு வாராவாரம் ஆள் கூட்டிப் போகிறவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா?

செவ்வாய் காலை 6.30க்கு என்று சொன்ன வண்டி 7.15க்கு வந்தது. எம்1 சாலையில் 29ஆவது வெளிவழி வரை நேராக ஓட்டம். செஸ்டர்ஃபீல்டில் கோணல் கோபுரத் தேவாலயம் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. கூம்பு முறுக்கிக்கொண்டு 9 அடிக்கு மேல் சாய்ந்து நிற்கிறது, பிள்ளைகள் கத்தினார்கள். அன்றைக்கு முழுசாகப் பார்த்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன், அதற்கு யாரும் காசு கேட்கவும் இல்லை.

பதினொன்றரைக்கு எடென்சர் என்கிற கிராமத்தில் நிறுத்தி, "இதுதான் சாட்ஸ்வொர்த், 25 நிமிஷம்" என்றார் ஓட்டுநர். எடென்சர் அழகான கிராமம்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். மாளிகையிலிருந்து பார்த்தால் கண்ணை உறுத்துகிறது என்று டெவன்ஷயரின் ஆறாவது டியூக் 1830களில் பழைய குடியிருப்பைக் கலைத்துத் தள்ளிக் கட்டிய ஊர். தேவாலயக் கல்லறையில் அமெரிக்க அதிபர் கென்னடியின் தங்கை கேத்லீன் அடக்கமாகியிருக்கிறார். ஆனால் மாளிகை அங்கே இல்லை, பூங்காவுக்குள் ஆற்றைத் தாண்டிப் போக வேண்டும். உள்ளே போக டிக்கெட் எங்கே என்று கேட்டேன். "டிக்கெட் நீங்கதான் எடுக்கணும் அண்ணே, விளம்பரத்துல 'பார்க்கலாம்'னுதான் போட்டிருக்கு, உள்ள கூட்டிப் போறதா போடலயே. அதோ மரத்துக்கு அந்தப் பக்கம் தெரியுது பாருங்க." அந்த மாளிகைத் தோட்டத்தில் ஒரு நீரூற்று இருக்கிறது. ரஷ்யாவின் ஜார் நிக்கோலஸ் வரப்போகிறார் என்று 1844இல் அவசர அவசரமாகக் கட்டினார்கள், அவர் வரவே இல்லை. ஜார் வராமல் பார்க்கவில்லை, நாங்கள் வந்தும் பார்க்கவில்லை.

பேக்வெல்லில் இறங்கியபோது சந்தை இருக்க வேண்டிய இடத்தில் கார்கள் நின்றன. ஆற்றைத் தாண்டி, கூடாரம் மாதிரி கூரை போட்ட ஏலக் கட்டடம் வரை நடந்தோம். உள்ளே கம்பித் தடுப்புகள், கழுவிவிட்ட சிமென்ட் தரை, லேசாகச் சாண வாசனை. மாமனார் தடுப்பில் கைவைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். "நேத்து வந்திருக்கணும் போல" என்றார், அவ்வளவுதான். எனக்கு அங்கேயே யாரையாவது திட்ட வேண்டும் போல இருந்தது.

அப்புறம் புட்டிங். இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், மற்ற வண்டிகளிலும் இப்படித்தான் ஏமாற்றுவார்கள். பேக்வெல் புட்டிங் என்பது அடுக்கடுக்கான பஃப் பேஸ்ட்ரிக்குள் ஜாம் தடவி, மேலே முட்டையும் பாதாமும் சேர்த்த கலவையை ஊற்றிச் சுடுவது. பார்க்கக் கோணல்மாணலாக, மேலே கருத்துப்போய் இருக்கும். அந்த ஊர்க் கடைகளில் அது கிடைக்கும், அசல் எங்களுடையதுதான் என்று ஒன்றுக்கு மேற்பட்ட கடைகள் சண்டைபோடும். எங்களுக்குக் கிடைத்தது சூப்பர்மார்க்கெட் அட்டைப்பெட்டியில் ஆறு செர்ரி பேக்வெல், வெள்ளைச் சர்க்கரைப் பூச்சு, நடுவில் ஒரு செர்ரி. எங்கள் தெருமுனைக் கடையில் கிடைக்கிறது. மாமியார் செவ்வாய், வெள்ளி முட்டை தொட மாட்டார். திங்கட்கிழமை போயிருந்தால் அவராவது அசலைத் தேடிப்பிடித்து ஒருவாய் சாப்பிட்டிருப்பார்.

மான்சல் நடையும் இல்லை. 1968இல் மூடின ரயில்பாதையை நடைபாதையாக்கி எட்டரை மைல் போட்டிருக்கிறார்கள், சுரங்கங்களுக்குள் விளக்கு வைத்திருக்கிறார்கள், உயரமான கல்பாலம் ஒன்று பள்ளத்தாக்கைத் தாண்டுகிறது. பேக்வெல்லில் இருந்து பாலத்துக்கு நாலு மைல்தான். "மூணு மணிக்குக் கிளம்பினாத்தான் சட்டப்படி என் ஓட்டுற நேரத்துக்குள்ள வீடு சேர முடியும்" என்றார் ஓட்டுநர். திரும்பும் வழியில் அவர் போனில் பேசியதை என் மனைவி கேட்டாள், எட்டு மணிக்கு ஹீத்ரோவில் ஒரு பார்ட்டியை ஏற்ற வேண்டுமாம். ஹாடன் ஹால்? ஏ6 சாலையில் வண்டி வேகம்கூடக் குறைக்காமல், "இடதுபக்கம் பாருங்க" என்றார். மரம் தெரிந்தது.

பணத்தைக் கேட்டேன். "வண்டி வந்துச்சு, கூட்டிட்டுப் போச்சு, ரீஃபண்ட் கிடையாது சார். அடுத்த டிரிப்புல 20 பவுண்ட் குறைச்சுக்கலாம்." அந்த இருபதுக்கு இங்கேதான் வருகிறேன். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவுப்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள சேவைக்குக் கார்டு நிறுவனமும் சேர்ந்து பொறுப்பு, நேராக அவர்களிடம் கேட்டிருக்கலாம். டெபிட் கார்டு என்றால்கூட வங்கி மூலம் பணத்தைத் திருப்பி இழுக்கக் கேட்டுப் பார்க்கலாம். கணக்குக்கு நேராக அனுப்பிய பணத்துக்கு இந்த வழி இரண்டும் இல்லை. சுற்றுலாப் பேக்கேஜ் விதிகள் காப்பாற்றும் என்று நினைத்தேன், இரவு தங்காமல் 24 மணி நேரத்துக்குள் முடிகிற பயணத்துக்கு அவை பொருந்தாது.

மிச்சம் இருப்பது 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம். வியாபாரி சொன்னதை, எழுதியதை நம்பி நீங்கள் வாங்கியிருந்தால் அது ஒப்பந்தத்தின் பகுதி, அப்படி நடக்கவில்லை என்றால் விலையைக் குறைக்கக் கேட்கலாம். அதைக் குறிப்பிட்டு, விளம்பரப் படத்தையும் செய்திகளையும் சேர்த்து, 14 நாள் கெடு வைத்து எழுதியிருக்கிறேன். ஒன்பது நாள் ஆகிறது, பதில் இல்லை. கெடு முடிந்தால் சிறு வழக்கு நீதிமன்றம். அதுவரை பெயரை இங்கே போட மாட்டேன், தனியாகக் கேட்டும் எழுதாதீர்கள். அடையாளம் வேண்டுமானால், நாளைக் கடைசி நேரத்தில் மாற்றுவது, கார்டு வேண்டாம் என்பது, நுழைவுச்சீட்டு உண்டா என்று எழுதிக் கேட்டால் போனில் மட்டும் பதில் சொல்வது, இந்த மூன்றையும் பார்த்தால் விலகிவிடுங்கள். நேற்று அதே விளம்பரம் மறுபடி வந்தது, அதே சந்தைப் படம், இந்தத் தடவை வியாழக்கிழமை.

பேக்வெல்லுக்கு ரயில் கிடையாது. ஆனால் செயின்ட் பாங்க்ரஸிலிருந்து செஸ்டர்ஃபீல்டுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான், அங்கிருந்து பேருந்து. முன்கூட்டியே டிக்கெட் எடுத்தால் வேன் செலவில் பாதிகூட ஆகாது. மாமனார் ஊருக்குக் கிளம்புவதற்குள் ஒரே ஒரு திங்கட்கிழமை மிச்சம் இருக்கிறது. இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன். அவர் துண்டை இப்போதே பையில் எடுத்து வைத்துவிட்டார்.